சட்டமும் நாமும்: எல்லை தாண்டும் துப்பாக்கி

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, சங்கத்து நூலக அறையில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நம் மூத்த அங்கத்தினர் ஒருவர் வந்து எதிரில் அமர்ந்தார். வயது 76. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சந்திரபூர்ப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, ஓய்வு பெற்றபின் நாக்பூரிலேயே குடியமர்ந்துவிட்டவர். பையிலிருந்து பழுப்பேறிய சிறு புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். அது ஆயுத உரிமப் புத்தகம்.

“தம்பி, ஒரு விற்பனைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். நீங்கள் எழுதினால் பிழை இராது” என்றார்.

“எதை விற்கிறீர்கள், ஐயா?” என்று கேட்டோம்.

“வேறு எதை? அந்த ரைபிளைத்தான். காட்டோரக் குடியிருப்பில் இருந்த காலத்தில் காவலுக்கென்று வாங்கியது. இப்போது மூன்றாம் மாடி வீட்டில் அதற்கு என்ன வேலை? பையன் பெங்களூரில் இருக்கிறான், வேண்டாம் என்கிறான். என்னோடு சுரங்கத்தில் இருந்த நண்பருடைய மகன் மத்தியப் பிரதேசத்தில் நிலபுலத்தோடு இருக்கிறான். அவனிடமும் உரிமம் இருக்கிறது. விலை பேசியாயிற்று. வெள்ளிக்கிழமை காரில் வந்து எடுத்துப் போகிறேன் என்றான். முத்திரைத்தாளில் இருவரும் கையொப்பமிட்டுவிட்டால் போதும் அல்லவா?”

போதாது என்றோம். வெள்ளிக்கிழமை அந்தத் துப்பாக்கி அந்தக் காரில் ஏறுமானால், விற்ற இவரும் வாங்கிய பிள்ளையும் ஒருசேரக் குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள் என்றும் சொன்னோம். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. “நான் ஒருநாளும் சட்டத்தை மீறியவன் அல்லவே, தம்பி” என்றார் பிறகு. அது உண்மை. சட்டத்தை மீறும் எண்ணமே இல்லாத நல்லவர்கள்தாம் இந்த விஷயத்தில் மிக எளிதாக இடறி விழுகிறார்கள். ஆகையால் அவரிடம் சொன்னதையும், பின்னர் வழக்கறிஞர் நண்பர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு சட்டத்தைப் புரட்டிப் பார்த்து அறிந்ததையும் இம்மாதம் அன்பர்கள் முன் வைக்கிறோம். சுரங்கம், தேயிலைத் தோட்டம், அணைக்கட்டு, இராணுவம் என்று ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு துப்பாக்கி அலமாரியின் மேல்தட்டில் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றியே சிறிது சொல்லவேண்டும். பெரியவருடையது 0.315 அங்குல ரைபிள். வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. நம் நாட்டுத் தனியார் கைகளில் மிகுதியாகக் காணப்படும் ரைபிள் வகை இது. ஏன் இந்த விசித்திரமான அளவு என்று வினவலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் படைக்குரிய துப்பாக்கி 0.303 அங்குலம். படையினரின் தோட்டா திருட்டு வழியில் வெளியே போய், அதே அளவுள்ள தனியார் துப்பாக்கிகளில் நிறைந்து, தம்மீதே திரும்பிவிடுமோ என்று ஆட்சியாளர் அஞ்சினர். ஆகவே படைக்குரிய அளவுகளைப் பொதுமக்களுக்கு விலக்கினர். பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் படைத் துப்பாக்கியின் எட்டு மில்லிமீட்டர்த் தோட்டா இந்தியப் படையில் வழங்காத ஒன்று. ஆதலின் அது பொதுமக்களுக்கு உரியதாகி, 0.315 என்ற பெயரில் இங்கே நிலைத்துவிட்டது. ஆட்சி மாறியும் அந்தப் பாகுபாடு மாறவில்லை. 0.303 போன்றவை இன்றும் ‘தடை செய்யப்பட்ட ரகம்’. அவற்றுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மத்திய உள்துறையிடம் உள்ளது. 0.315, 0.22, பன்னிரண்டு போர் முதலியவை தடையற்ற ரகம். இவற்றுக்கு உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் அவரே அந்த இடத்தில் இருப்பவர். இங்கே நாம் சொல்வதெல்லாம் தடையற்ற ரகத்தைப் பற்றியே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1878-ஆம் ஆண்டின் பழைய ஆயுதச் சட்டத்தை நீக்கி, சுதந்திர இந்தியா 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. அது 1962 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் 2016-இல் புதிதாக எழுதப்பட்டன. சட்டமே 2019-இல் மீண்டும் திருத்தப்பட்டு மேலும் கடுமையாயிற்று.

துப்பாக்கியைத் தனியார் ஒருவர் தனியார் மற்றொருவருக்கு விற்கவே கூடாது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது சரியன்று. வியாபாரம் செய்வதற்குத்தான் தனி உரிமம் வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்கெனச் சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதத்தை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள மற்றொருவருக்கு விற்கலாம் என்று 5-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவே அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, விற்கப்போவதையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்திருக்கவேண்டும். இரண்டாவது, அப்படித் தெரிவித்தபின் 45 நாட்களுக்குக் குறையாமல் கழிந்திருக்கவேண்டும்.

இந்த 45 நாட்களை நாம் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. “நண்பன் மகனை எனக்கு அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தெரியுமே! அவனை விசாரிக்க 45 நாளா?” என்றார். இங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். அந்தப் பிள்ளை நல்லவன் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் அவனுடைய உரிமம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா என்பது அவனுடைய குணத்தால் தெரியும் விஷயம் அன்று. புதுப்பிக்கும் தேதி தவறியிருக்கலாம். ஏதோ ஒரு நில வழக்கில் அமைதி காப்பதாகப் பிணை எழுதிக் கொடுக்குமாறு உத்தரவு பிறந்து, அந்தப் பிணைக்காலம் முடியாமல் இருக்கலாம். அக்காலத்தில் அவன் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ தகுதியற்றவன். வன்செயலுக்காகவோ ஒழுக்கக்கேட்டுக்காகவோ சிறைத்தண்டனை பெற்றவர் விடுதலையாகி ஐந்தாண்டு முடியும்வரை தகுதியற்றவர். மனநலம் குன்றியவரும் தகுதியற்றவர். 21 வயது நிரம்பாதவருக்கும் விற்கலாகாது. இவையெல்லாம் காவல் துறையின் ஏடுகளில் இருக்கும். நண்பரின் முகத்தில் எழுதியிரா. அந்த ஏடுகளைப் பார்ப்பதற்கு அரசாங்கத்துக்குச் சட்டம் கொடுத்த அவகாசமே அந்த 45 நாட்கள். அவை விற்பவரைத் தண்டிப்பதற்காக வந்தவை என்று நினைப்பது தவறு. அவருக்குக் காவலாக நிற்பவை அவையே.

அமெரிக்காவில் இருக்கும் தம் மருமகன் இதைக் கேட்டுச் சிரித்ததாகப் பெரியவர் சொன்னார். அங்கே கடைக்குப் போய் ஒரே நாளில் வாங்கிவரலாமாம். அங்குள்ள வழக்கம் வேறுதான்; அங்கே ஆயுதம் வைத்திருத்தல் அரசியல் சாசனம் ஒப்பிய உரிமை. ஆனால் மாநில எல்லை என்று வரும்போது அந்த நாடும் கையைக் கட்டிப்போடத்தான் செய்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் வசிக்கும் தனியார் மற்றொரு மாநிலத்தில் வசிக்கும் தனியாருக்கு நேரே துப்பாக்கியை விற்றுக் கையில் கொடுத்துவிட முடியாது. உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் நடுவே நிற்கவேண்டும். வாங்குபவர் அவர் முன்னிலையில் படிவம் நிரப்பவேண்டும். அவருடைய பின்னணி சரிபார்க்கப்படவேண்டும். அவ்வளவு தாராளமான நாட்டிலேயே எல்லை தாண்டும் துப்பாக்கிக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது என்பதை மருமகனுக்கு எழுதும்படி பெரியவரிடம் சொன்னோம்.

நம் நாட்டில் எல்லைச் சிக்கல் மற்றொரு வகையானது. இங்கே ஒவ்வோர் உரிமத்திலும் அது எந்த நிலப்பரப்புக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். சிலருக்கே இந்தியா முழுதும் செல்லும் உரிமம் கிடைக்கிறது. பெரும்பாலானவை ஒரு மாநிலத்தோடு அமைபவை. மராட்டியத்துக்கு மட்டும் செல்லும் உரிமத்தை வைத்துக்கொண்டு ரைபிளோடு மத்தியப் பிரதேச எல்லைக்குள் கால் வைத்தால், அந்த நொடியிலிருந்து நாம் உரிமம் இல்லாதவர். அதேபோல் மத்தியப் பிரதேசத்துக்கு மட்டும் உரிமம் உள்ளவர் நாக்பூரில் நம் வீட்டு வாசலில் ரைபிளைக் கையில் வாங்கும்போதே உரிமம் இல்லாதவர் ஆகிறார். எல்லை, நாக்பூரிலிருந்து ஒரு காலை வேளையில் போய்த் திரும்பும் தொலைவுதான். அந்தக் கிட்டத் தொலைவே பலரை ஏமாற்றிவிடுகிறது.

“அப்படியானால் என் அத்தாட்சிக் கடிதத்தோடு வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினால்?” என்று பெரியவர் கேட்டார். உரிமம் உள்ளவரின் முன்னிலையிலோ எழுத்து மூலமான அனுமதியோடோ வேறொருவர் ஆயுதத்தை எடுத்துச் செல்லலாம் என்று 3-ஆம் பிரிவு சொல்வது மெய்தான். ஆனால் அது மூன்றே காரியங்களுக்கு: பழுது பார்க்க, உரிமத்தைப் புதுப்பிக்க, உரிமதாரரே பயன்படுத்த. விற்ற ஆயுதத்தை வாங்கியவரிடம் சேர்ப்பது அந்த மூன்றில் இல்லை. ரயிலில் போகும் உறவினரின் படுக்கைச் சுருளுக்குள்ளோ, வீட்டுச் சாமான் ஏற்றும் லாரியிலோ, பார்சலிலோ அனுப்பும் எண்ணத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

சரி, முறைப்படி செய்வது எப்படி? நாம் பெரியவருக்கு வகுத்துக் கொடுத்த ஒழுங்கு இது.

முதற்காரியம், தம் ஏட்டைத் தாமே சரிபார்த்தல். உரிமம் காலாவதியாகாமல் இருக்கிறதா? முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தோம். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமத்தின் காலம் ஐந்தாண்டு. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏறி, தனி அடையாள எண் பெற்ற உரிமம்தானா? துப்பாக்கியின் இரும்பில் பொறித்த எண்ணும் புத்தகத்தில் எழுதிய எண்ணும் ஒன்றா? இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமாக எண்ணலாகாது. செய்தவர் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்பதையே 8-ஆம் பிரிவு விலக்குகிறது; எண்ணை அழித்தாலோ மாற்றினாலோ அது தனிக் குற்றம். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணை ஒப்பிட்டார். முன்பு எவரோ ‘3’ என்பதை ‘8’ என்று படித்துப் புத்தகத்தில் பதித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விற்பனை நடந்திருந்தால், புத்தகத்தில் உள்ள துப்பாக்கி ஒன்றாகவும் கைமாறிய துப்பாக்கி வேறொன்றாகவும் ஆகியிருக்கும். விண்ணப்பம் கொடுத்து அதை முதலில் திருத்திக்கொண்டார்.

இரண்டாவது, வாங்குபவரின் உரிமம். அலைபேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. எல்லாப் பக்கங்களின் நகலையும் பெறவேண்டும். 0.315 ரைபிள் வாங்க அதில் இடம் உண்டா? கைத்துப்பாக்கிக்கு உரிமம் பெற்றவர் அதைக் கொண்டு ரைபிள் வாங்கிவிட முடியாது. அவரிடம் ஏற்கெனவே எத்தனை ஆயுதங்கள் உள்ளன? முன்பு ஒருவர் மூன்று வைத்திருக்கலாம். 2019 டிசம்பர் 14 முதல் இரண்டுக்கு மேல் கூடாது. மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க நேர்ந்தது. ஆகையால் இரண்டு உடையவருக்கு நாம் விற்பது மூன்றாவதை அவர் தலையில் கட்டுவதாகும். வாங்குபவர் தகுதியுடையவர்தானா என்று முன்கூட்டி அறியாமல் ஆயுதத்தை ஒப்படைப்பதை 29-ஆம் பிரிவு விற்றவரின் குற்றமாகவே எண்ணுகிறது. ‘அவர் சொன்னார், நம்பினேன்’ என்பது அங்கே செல்லாது.

மூன்றாவது, எழுத்து மூலமான அறிவிப்பு. காவல் நிலையத்துக்கோ ஆட்சியருக்கோ தெரிவித்தால் போதும் என்பது சட்டத்தின் சொல். இரண்டு இடத்துக்கும் தெரிவித்து, இரண்டிலும் முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டுப் பெறுவது விவேகம். 45 நாட்களின் கணக்கு அந்தச் சீட்டின் தேதியிலிருந்துதான் ஓடும். துப்பாக்கியின் வகை, எண், மிச்சமுள்ள தோட்டாக்களின் எண்ணிக்கை, தம் உரிம எண், வாங்குபவரின் முழுப்பெயர், முகவரி, உரிம எண், அதை வழங்கிய அதிகாரி ஆகிய அனைத்தும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். தோட்டாவும் ஆயுதத்தைப் போலவே சட்டத்துக்குட்பட்டது. ஒரு நேரத்தில் எத்தனை, ஓராண்டில் எத்தனை என்று ஒவ்வோர் உரிமத்திலும் அளவு உண்டு. துப்பாக்கியோடு டப்பாவையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது வழக்கமாயினும் முறையன்று.

நான்காவது, இரு அலுவலகங்களின் இசைவு. சட்டம் ‘தெரிவித்தல்’ என்று சொன்னாலும், மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது நடைமுறையில் விற்பவரின் உரிம அதிகாரியிடம் தடையின்மைச் சான்று கேட்பதே வழக்கம். அந்த அதிகாரி வாங்குபவரின் மாவட்டத்துக்கு எழுதி, உரிமம் மெய்யானதா என்று உறுதி செய்துகொள்வார். வாங்குபவரும் தம் அதிகாரியிடம் இன்ன எண்ணுள்ள ரைபிளை இன்னாரிடமிருந்து வாங்கப்போவதாகத் தெரிவித்து அனுமதி பெறவேண்டும். அதோடு அதைத் தம் ஊர்வரை கொண்டுபோக, உரிமத்தின் எல்லைக்கு வெளியே ஆயுதத்தோடு பயணம் செய்யும் அனுமதியும் முன்கூட்டியே பெறவேண்டும். இந்தச் சிரமம் வேண்டாம் என்றால் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் போகலாம். அவரிடமே விற்றுவிடலாம், அல்லது அவர் வழியாகக் கைமாற்றலாம். சற்றுப் பணம் குறையும், நிம்மதி கூடும்.

ஐந்தாவது, கைமாறும் நாளும் அதற்குப் பின்னும். வாங்குபவர் தம் மூல உரிமத்தோடு நேரில் வரவேண்டும். ரசீதில் தேதியும் துப்பாக்கி எண்ணும் இருவர் கையொப்பமும் இருக்கவேண்டும். பிறகு விற்றவருடைய ஏட்டிலிருந்து அந்த ஆயுதம் நீக்கப்படவேண்டும். வாங்கியவருடைய ஏட்டில் அது ஏற்றப்படவேண்டும். இந்த இரண்டு பதிவும் முடிந்தாலன்றி விற்பனை முடிந்ததாகக் கொள்ளலாகாது. பலர் பணம் வந்தவுடன் எல்லாம் தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு தேர்தல் வரும். உரிமம் உள்ளவர்கள் ஆயுதத்தை ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். ஏட்டில் நம் பெயர் இருக்கும். வீட்டில் துப்பாக்கி இராது. ‘எங்கே அது?’ என்று கேட்டால், எங்கோ ஒரு மாநிலத்தில் உள்ள நண்பரின் பெயரைச் சொல்லி நிற்கவேண்டியதுதான். அதற்குள் அந்தத் துப்பாக்கி ஒரு குற்றத்தில் அகப்பட்டிருந்தால், முதலில் தட்டப்படும் கதவு நம்முடையதே.

தண்டனையைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. அறிவிப்புக் கொடுக்காமல் விற்பதற்கும், 45 நாள் கழியுமுன் விற்பதற்கும் ஆறுமாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அது சிறு தண்டனை. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்தின்படி இரண்டாண்டுக்குக் குறையாத, ஐந்தாண்டு வரை நீளக்கூடிய சிறை. 5-ஆம் பிரிவுக்கு மாறாக ஆயுதம் விற்பதற்கோ ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரை நீளலாம். நீதிமன்றம் எந்தப் பிரிவைப் பொருத்திப் பார்க்கும் என்பது வழக்கின் தன்மையைப் பொறுத்தது. ஆனால் 76 வயதில் அந்த ஆராய்ச்சிக்குத் தம்மை உட்படுத்திக்கொள்ள யார்தாம் விரும்புவர்?

பணம் வாங்காமல் அன்பளிப்பாகக் கொடுத்தால் இவ்வளவும் வேண்டாமே என்று சிலர் கேட்பர். சட்டம் விற்பதை மட்டும் சொல்லவில்லை. கைமாற்றுவதையும் சேர்த்தே சொல்கிறது. தம்பி மகனுக்கு ஆசையோடு கொடுத்தாலும் கைமாற்றம் கைமாற்றமே. வாரிசுக்குக் கொடுக்க விரும்புவோருக்குத் தனி வழி இருக்கிறது. உரிமதாரர் இறந்தபின் அவருடைய சட்டபூர்வ வாரிசுக்கு உரிமம் வழங்கலாம். உயிரோடிருக்கும்போதே 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் வழங்கக் கோரலாம் என 2016 விதிகள் இடமளிக்கின்றன. வாரிசும் தகுதியுடையவராக இருக்கவேண்டும். இரண்டு என்ற வரம்பு அவருக்கும் உண்டு.

இந்த இடத்தில் நம் குடும்பத்துப் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. கணவர் மறைந்தபின், அவருடைய துப்பாக்கி வீட்டிலேயே கிடக்க, ‘யாரிடம் சொல்வது, என்ன கேட்பார்களோ’ என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருப்போர் உண்டு. உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. ஆகவே அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே இப்போது சட்டத்துக்குப் புறம்பு. ஆனால் அஞ்சவேண்டியதில்லை. தாமதமின்றி அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறலாம். ஒப்படைத்ததனால் பொருள் பறிபோய்விடாது. குறித்த காலத்துக்குள் வாரிசு உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம். அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லி விலையைப் பெறலாம். இதைச் சொல்வது 21-ஆம் பிரிவு. அந்தக் காலம் கடந்தால்தான் அது அரசாங்கத்தைச் சேரும். ஆதலின் கேடு செய்வது மறைத்து வைப்பதுதான், ஒப்படைப்பதில் கேடில்லை.

இனிப் பெரியவரின் கதைக்குத் திரும்புவோம். அன்றிரவே அவர் நண்பர் மகனுக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தப் பிள்ளைக்கு முதலில் மனத்தாங்கல். “சித்தப்பாவுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டானாம். பெரியவர் சொன்ன பதிலை நாம் பாராட்டுகிறோம். “உன்மேல் நம்பிக்கை இருப்பதனால்தான் உன்னை வழியில் ஒரு சோதனைச் சாவடியில் தலைகுனிந்து நிற்க வைக்க எனக்கு மனமில்லை” என்றாராம். மறுநாள் அந்தப் பிள்ளை தன் உரிமத்தை எடுத்துப் பார்த்தான். அது காலாவதியாக மூன்று வாரமே இருந்தது! புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அன்றே கொடுத்தான். அறிவிப்பின்றி வெள்ளிக்கிழமை நடந்திருக்கக்கூடிய அந்த விற்பனையில், எண் பிழைபட்ட ஒரு துப்பாக்கி, முடியும் தறுவாயில் இருந்த ஓர் உரிமத்தின்மேல் ஏறி, அனுமதியின்றி எல்லை தாண்டியிருக்கும். இருவரும் நல்லவர்கள், அவர்களிடையே ஒரு பொய்யும் இல்லை. ஆயினும் பிழைகள் அத்தனை.

அறிவிப்புக் கொடுத்தாயிற்று, ஒப்புகைச் சீட்டுகள் இரண்டும் பெரியவரிடம் உள்ளன. இரண்டு மாநிலத்துக் கடிதப் போக்குவரத்து 45 நாளோடு முடியும் என்று நாம் அவருக்கு உறுதி சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அச்சேறும்போதும் ரைபிள் அவருடைய அலமாரியில், பூட்டுக்குள்தான் இருக்கிறது. முன்பணமும் வாங்கவில்லை. காகிதம் முடியுமுன் பணம் கைமாறினால், துப்பாக்கியையும் கொடுத்துவிடு என்று மனம் நச்சரிக்கத் தொடங்கும் என்று நாம் சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு பொறுப்பு கூடுதலாக உண்டு. சொந்த ஊரில் ஒரு தவறு நேர்ந்தால், நம்மைத் தெரிந்தவர் நாலு பேர் வந்து நிற்பார்கள். இங்கே நமக்காகப் பேசக்கூடியது நம் கையில் உள்ள காகிதம்தான். நாக்பூரில் நாற்பதாண்டு ஈட்டிய நற்பெயரை, நல்லெண்ணத்தால் செய்த ஒரு கைமாற்றத்தில் இழந்துவிடலாகாது.

ஆகையால், வீட்டில் துப்பாக்கி உள்ள அன்பர்கள் இன்றிரவே உரிமப் புத்தகத்தை எடுத்து மூன்று காரியம் பாருங்கள்: உரிமம் முடியும் தேதி, அடையாள எண், இரும்பில் உள்ள எண்ணோடு பொருத்தம். ஊர் மாறி வந்தவர்கள், பழைய ஊர் அதிகாரிக்கும் புதிய ஊர் அதிகாரிக்கும் முகவரி மாற்றத்தைத் தெரிவித்திருக்கிறோமா என்பதையும் பாருங்கள். ஐயம் இருந்தால் எழுதுங்கள். வழக்கறிஞரைக் கலந்து பதில் தருகிறோம். விற்க எண்ணுகிறவர்கள் விலை பேசுமுன் வந்து பேசுங்கள். பெரியவர் பத்திரம் எழுத வந்தது தவறான காரியத்துக்கு. ஆனால் வந்தது சரியான நேரத்துக்கு.